ரீமேக்கா, ஒரிஜினலா? கேசட் கடைக்காரரிடம் சில கேள்விகள்

திண்டுக்கல்லில் ஒரு காலத்தில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தேன். ரீவைண்ட் செய்யாமல் திருப்பித் தந்தால் 2 ரூபாய் அபராதம். கடை போய் ரொம்ப வருஷமாயிற்று, படம் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. கவனிக்காமல் விட்ட படங்கள், ரீமேக்குகள் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன், கேட்டுவிட்டார்கள். சில கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

சார், 'சந்திரமுகி'யைப் பத்து தடவை பார்த்தவன் நான். 'மணிச்சித்திரத்தாழ்' பார்த்தே ஆக வேண்டுமா? கதை தெரியுமே. (சேலம்)

பாருங்கள். கதை தெரிந்திருப்பது ஒரு தடையே இல்லை. ஃபாசில் இயக்கிய 1993 படத்தில் ஒரு விஷயம் இருக்கிறது, தமிழ்காரர்களுக்குத்தான் அது முழுசாகப் புரியும். நம் சந்திரமுகியின் இடத்தில் அங்கே வரும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ் நடனக்காரி. ஒரு மலையாளக் குடும்பத்துப் பெண் திடீரென்று தமிழ் பேச ஆரம்பிப்பதுதான் அங்கே பயமே. 'ஒருமுறை வந்து பார்த்தாயா' என்ற வரி நமக்குச் சாதாரணம், அந்த வீட்டுக்குள் அது அந்நியக் குரல்.

இதைத் தமிழில் எடுக்கும்போது என்ன செய்வது? தமிழ் வீட்டில் தமிழ் பேசினால் யார் பயப்படுவார்கள்? 2004இல் பி. வாசு கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' எடுத்தபோது அவளைத் தெலுங்குக்காரி ஆக்கினார். அடுத்த வருஷம் 'சந்திரமுகி'யிலும் அதே தெலுங்கு, அதனால்தான் 'ரா ரா'. பிரியதர்ஷன் 2007இல் இந்திக்குக் கொண்டுபோனபோது அவள் வங்காளி ஆனாள். எல்லோருமே பூட்டை மாற்றினார்கள், ஆனால் சாவி அடுத்த மாநிலத்து மொழிதான் என்பதைப் புரிந்துகொண்டு மாற்றினார்கள். நல்ல ரீமேக்குக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கெட்டுப்போனது வேறு இடத்தில். மோகன்லால் வெகுநேரம் கழித்துத்தான் படத்துக்குள் வருவார். அதுவரை அந்த வீடும் அதில் இருப்பவர்களும் நமக்குப் பழகிவிடுவார்கள். ரஜினி சண்டையோடு ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறார். அவரைக் காக்க வைக்க முடியுமா, தியேட்டரை உடைத்துவிடுவார்கள். ஜோதிகா நன்றாகவே செய்திருந்தார், ஆனால் ஷோபனாவுக்கு அந்தப் படம் தேசிய விருது வாங்கித் தந்தது சும்மா இல்லை. என் கடையில் இருந்த மலையாளக் கேசட்டில் அவர் கட்டிலைத் தூக்குகிற இடத்தில் மட்டும் படத்தில் கோடு கோடாக விழும். அத்தனை பேர் அங்கே நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

யாரும் பேசாத நல்ல தமிழ்ப் படங்கள் சொல்லுங்கள். 'அன்பே சிவம்', 'ஆரண்ய காண்டம்' என்று ஆரம்பிக்காதீர்கள், அதெல்லாம் இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். (சென்னை)

சரி, கோபப்படாதீர்கள்.

'ஏழாவது மனிதன்', 1982. ஹரிஹரன் இயக்கியது, ரகுவரனின் முதல் படம். சிமென்ட் ஆலைப் புகையையும் அதன் பக்கத்தில் வாழ்கிறவர்களையும் பற்றியது. பாரதியார் பாடல்களுக்கு எல். வைத்யநாதன் இசை. 'காக்கைச் சிறகினிலே' கேட்டிருப்பீர்கள், படத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பிற்பாடு வில்லனாகப் பார்த்த ரகுவரனை மறந்துவிட்டு உட்காருங்கள்.

'சந்தியா ராகம்', 1989. பாலுமகேந்திரா என்றால் எல்லோரும் 'வீடு' என்பார்கள். 'வீடு' பெரிய படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் தாத்தாவாக வந்த சொக்கலிங்க பாகவதர் இந்தப் படத்தில்தான் மனதில் உட்கார்ந்துகொள்கிறார். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து, இடமில்லாத ஒரு வீட்டில் ஒண்டிக்கொள்ளும் கிழவர். கறுப்பு வெள்ளைப் படம். யாரும் கெட்டவர்கள் இல்லை, பணம்தான் இல்லை.

'மறுபக்கம்', கே.எஸ். சேதுமாதவன் இயக்கியது. இந்திரா பார்த்தசாரதியின் கதை. தேசிய விருதில் தங்கத் தாமரை வாங்கிய முதல் தமிழ்ப் படம் இதுதான் என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். சிவகுமாரை இப்படி நீங்கள் பார்த்ததில்லை.

அப்புறம் புதுசில் ஒன்று, லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை', 2018. தேனிப் பக்கத்து ஏலக்காய் மலையில் சுமை தூக்குகிறவர்களின் கதை. ஒரு ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டு போகிற காட்சி இருக்கிறது. எத்தனையோ சண்டைப் படம் பார்த்தவன், அந்த மூட்டைக்குத்தான் நாற்காலி நுனிக்கு வந்தேன்.

'அந்த நாள்' ஜப்பானியப் படத்தின் காப்பி என்கிறார்களே, உண்மையா?

ஒரே கொலை, பலர் சொல்லும் கதை என்பது வரைக்கும் குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) நினைவுக்கு வரும். ஆனால் அங்கே கடைசிவரை உண்மை எது என்று தெரியாது, அதுதான் அந்தப் படமே. இங்கே கடைசியில் தெரிந்துவிடும். ரஷோமோன் உண்மையைப் பற்றிய படம், இது துப்பறியும் படம். ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943ஆம் வருஷத்துப் பின்னணி எங்கிருந்தும் கடன் வாங்கியதல்ல. பாட்டே இல்லாமல் 1954இல் ஏவி.எம். ஒரு படம் எடுத்தது, அதில் சிவாஜி ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் செத்துப்போகிறார். இயக்கியவர் வீணை எஸ். பாலச்சந்தர். அந்தத் துணிச்சலுக்காகவே பார்க்கலாம்.

'குசேலன்' ஏன் ஓடவில்லை? ரஜினி இருந்தும்? (தூத்துக்குடி)

ரஜினி இருந்ததால்தான்.

அதன் மலையாள மூலமான 'கத பறயும்போள்' (2007) ஒரு ஏழை முடிதிருத்துபவரின் கதை. சீனிவாசன் எழுதி, அவரே நடித்தார். ஊருக்குப் படப்பிடிப்புக்கு வருகிற பெரிய நடிகர் இவருடைய பழைய நண்பன் என்று ஊரே சொல்கிறது, இவர் மட்டும் போய்ப் பார்க்கக் கூச்சப்படுகிறார். நடிகராக மம்மூட்டி. அவரைப் படத்தில் ரொம்பக் குறைவாகத்தான் காட்டுவார்கள். கடைசியில் ஒரு பள்ளி விழாவில் அவர் பேசுவார். அதுவரை எட்டாத உயரத்தில் இருந்த ஆள் வாயைத் திறந்து பழைய சிநேகிதனைப் பற்றிப் பேசும்போது நமக்குத் தொண்டை அடைக்கும். இரண்டு மணி நேரமாக அந்த முடிதிருத்துபவரோடு நாமும் அவரைத் தூரத்தில் நின்றே பார்த்திருக்கிறோம் அல்லவா.

தமிழில் பசுபதி தன் வேலையைச் சரியாகவே செய்தார். ஆனால் ரஜினியை அப்படி ஒளித்து வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. பாட்டு, படப்பிடிப்புக் காட்சி, வடிவேலு காமெடி என்று வந்துகொண்டே இருப்பார். கடைசிப் பேச்சு வரும்போது நமக்கு அவர் ரொம்பப் பழகிப்போன ஆள். பேச்சு அதே பேச்சு, ரஜினி அதில் நன்றாகவே நடித்திருப்பார், ஆனால் காத்திருப்பு இல்லை. 2009இல் ஷாருக் கான் வைத்து இந்தியில் 'பில்லு' எடுத்தார்கள், இர்ஃபான் கான் மாதிரி ஒரு நடிகர் இருந்தும் அதே கோளாறு.

'பாபநாசம்', 'த்ரிஷ்யம்' இரண்டையும் இயக்கியவர் ஜீத்து ஜோசப். அப்படியிருக்க வித்தியாசம் என்ன இருந்துவிடப் போகிறது அண்ணா?

ஒரே சமையல்காரர் வேறு ஊர்த் தண்ணீரில் சாம்பார் வைத்தால் ருசி மாறாதா? மோகன்லாலின் ஜார்ஜ்குட்டி கடைசிவரை எதையும் முகத்தில் காட்ட மாட்டான். அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று நமக்கே சந்தேகம். கமலின் சுயம்புலிங்கம் கடைசியில் உடைந்து அழுகிறார். எனக்கு ஜார்ஜ்குட்டிதான் பிடிக்கும், அந்த அமைதி பயமுறுத்துகிறது. என் மனைவிக்குச் சுயம்புலிங்கம்தான் மனுஷன். வீட்டில் இது 2015லிருந்து நடக்கிற வழக்கு.

ஆனால் ஒன்று, தமிழில் வசனம் ஜெயமோகன். நெல்லைப் பேச்சு வெறும் அலங்காரமாக இல்லை. கதை தாமிரபரணிக் கரையில் நடந்தது போலவே ஆகிவிட்டது. இந்தக் கதை சிங்களத்துக்கும் போனது, சீனாவுக்கும் போனது. 2019இல் வந்த சீனப் படத்தில் கதாநாயகன் கடைசியில் சரணடைந்துவிடுகிறான். அங்கேதான் கதையின் எலும்பே முறிந்துவிட்டது என்பேன்.

அண்ணை, எங்கட பக்கத்துப் படம் ஏதும் சொல்ல இருக்கோ? (யாழ்ப்பாணம்)

'பொன்மணி', 1977. உங்கள் ஊரிலேயே எடுத்தது. யாழ்ப்பாணத்துச் சாதி, சீதனம் இரண்டையும் இவ்வளவு நேராகப் பார்த்த படம் அன்றைக்குத் தமிழ்நாட்டிலேயே குறைவு. அதை இயக்கியவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். இந்தியப் படத்தின் வேகத்தை எதிர்பார்த்து உட்காராதீர்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களோடு பாருங்கள், படத்தைவிட அவர்கள் சொல்லும் கதை நீளமாக இருக்கும்.

ஹாலிவுட் ரீமேக்கில் மூலத்தை மிஞ்சியது உண்டா?

'தி டிபார்ட்டட்' (2006) ஆஸ்கர் வாங்கியது, ஸ்கார்செசி படம், எல்லாம் சரி. ஆனால் ஹாங்காங்கின் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' (2002) அதே கதையை ஐம்பது நிமிஷம் குறைவாகச் சொல்லிவிட்டது. என் ஓட்டு அதற்குத்தான். குரோசாவாவின் 'இகிரு'வை (1952) இங்கிலாந்தில் 'லிவிங்' என்று 2022இல் எடுத்தார்கள், அது மிஞ்சவில்லை, ஆனால் பக்கத்தில் நிற்கிறது.

நம் படங்கள் இந்திக்குப் போய் உருப்பட்டதே இல்லையா? எப்போதும் திட்டுகிறோமே. (கோவை)

போயிருக்கிறது. 'காதலிக்க நேரமில்லை'யை ஸ்ரீதரே 'ப்யார் கியே ஜா' (1966) என்று எடுத்தார். நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிற அந்தக் காட்சியை மெஹ்மூத் ஓம் பிரகாஷிடம் செய்வார். நாகேஷ் அல்ல, ஆனால் சிரிப்பு வருகிறது. தெலுங்கு 'ராமுடு பீமுடு', தமிழில் 'எங்க வீட்டுப் பிள்ளை', இந்தியில் 'ராம் அவுர் ஷ்யாம்', மூன்றையும் இயக்கியவர் சாணக்யா. என்.டி.ஆர்., எம்.ஜி.ஆர்., திலீப் குமார் மூவருக்கும் அதே சட்டை பொருந்தியது. அதையே பெண்ணாக்கி இந்தியில் 'சீதா அவுர் கீதா' எடுத்தார்கள், அது 'வாணி ராணி'யாகி நம்மிடமே திரும்பி வந்தது. இதில் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

'மூன்றாம் பிறை' மட்டும் எனக்கு வேறு மாதிரி. பாலுமகேந்திரா, கமல், ஸ்ரீதேவி, இளையராஜா, எல்லாரும் அப்படியே இந்தி 'சத்மா'வில் (1983) இருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் 'கண்ணே கலைமானே' கண்ணதாசன் எழுதிய கடைசிப் பாட்டு என்று தெரிந்த ஒருவன் அந்த மெட்டை இந்தியில் எப்படிக் கேட்பான், சொல்லுங்கள்.

'நிமிர்' பார்த்தேன், சுமாராக இருந்தது. 'மகேஷிண்டே பிரதிகாரம்' அதைவிட எவ்வளவு மேல்?

நிறைய. அடித்தவனைத் திருப்பி அடிக்கும்வரை செருப்புப் போடமாட்டேன் என்கிற போட்டோகிராபரின் கதை. கதையை எடுத்துவிட்டால்கூட இடுக்கிக்காரர்களைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம். தமிழில் கதை வந்தது, அந்த ஊர் வரவில்லை. தெலுங்கில் வெங்கடேஷ் மகா இதை அரக்குப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய் 2020இல் எடுத்தார், 'உமா மகேஸ்வர உக்ர ரூபஸ்ய'. அதைத் தேடிப் பாருங்கள், அங்கே ஊர் இருக்கிறது. 'நிமிர்' படத்தில் எனக்குப் பிடித்தது அப்பாவாக நடித்த இயக்குநர் மகேந்திரன் மட்டும்தான்.

அப்பாவுக்கு 78 வயது. ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து பார்க்க ஒரு ரீமேக் சொல்லுங்கள் ஐயா. சண்டை வேண்டாம்.

'தில்லு முல்லு', 1981. இந்தி 'கோல்மால்' படத்தை பாலசந்தர் எடுத்தது. மூலத்தில் அமோல் பாலேக்கர் மீசையை எடுத்தால் அது ஒரு நடிகர் மீசை எடுத்தது. இங்கே ரஜினி எடுக்கிறார், அது ஊர்ச் செய்தி. தேங்காய் சீனிவாசன் வரும் இடமெல்லாம் அப்பா உங்களுக்கு முன்னாலேயே வசனம் சொல்லிவிடுவார், தடுக்காதீர்கள். 2013இல் அதே பெயரில் ஒன்று வந்திருக்கிறது, மாறிப் போட்டுவிடாதீர்கள்.