மச்சான் கொடுத்த பெட்டி

அன்புள்ள அண்ணா,

வணக்கமுங்க. வீட்டுக்காரியின் அண்ணன் அமெரிக்காவில் டென்னசியில் இருக்கிறார். போன மாதம் லீவில் வந்தபோது ஒரு பெட்டி நிறைய லூர், அதாவது முள் வைத்த போலி இரை, கொண்டுவந்து கொடுத்தார். அங்கே ஆற்றில் ‘பாஸ்’ என்ற மீனுக்குப் போடுவதாம். படம் அனுப்பியிருக்கிறேன், நாற்பதுக்கு மேல் இருக்கும். பையனுக்கு 9 வயது, பாப்பாவுக்கு 6. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பவானிக் கரைக்குப் போனேன். ஒரு மணி நேரத்தில் மூன்று லூர் பாறையில் சிக்கி அறுந்தது. மீன் ஒன்றுகூட இல்லை. பையன் செல்போனைக் கேட்க ஆரம்பித்துவிட்டான். பாப்பா அந்த மூன்று கவர் முள்ளைப் பார்த்ததிலிருந்து தூண்டில் பக்கமே வரமாட்டேன் என்கிறாள். மண்புழுவுக்கே போய்விடலாம் என்றால், “புழு கோத்துப் பிடிக்கறதெல்லாம் ஒரு பிடியா மாப்ளே” என்று மச்சான் போனில் சிரிக்கிறார். இந்தப் பெட்டியில் எதை எடுப்பது, எதை விடுவது? அந்த பாஸ் நம் ஆற்றில் உண்டுங்களா?

ம.,
சத்தியமங்கலம்

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நம் பவானியில் பாஸ் கிடையாது. உங்கள் மச்சான் சொல்வது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். சின்ன வாய், பெரிய வாய் என்று அதில் இரண்டு வகையைத்தான் அதிகம் தேடிப் போகிறார்கள். ஓடுகிற ஆறும் கல்லும் சேர்ந்த இடம் சின்ன வாய்க்காரனுக்கு. பாறைக்குப் பின்னால், ஓட்டம் உடைந்து தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் மறைந்திருந்து, எதிரே வருகிற குஞ்சு மீனையும் கல்லிடுக்கில் கொடுக்கு வைத்த இறால்போல இருக்கும் கிரேஃபிஷையும் பாய்ந்து பிடிக்கும். பெட்டியில் பாதி லூர் பழுப்பாகவும் பாசிப் பச்சையாகவும் இருப்பது அந்த கிரேஃபிஷின் நிறத்துக்காக.

நம் பக்கம் இப்படி மறைந்திருந்து பாய்கிற மீன் என்றால் விராலும் கொரவையும்தான். அவை ஓட்டத்தைவிடக் கரையோரப் புல்லையும் தேங்கின மடுவையும் விரும்பும். ஆனால் ஓடுவதைத் துரத்திக் கவ்வுகிற புத்தி ஒன்றேதான். ஆகவே மச்சான் பெட்டியை அப்படியே பரணில் போட வேண்டியதில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழந்தைகளை வைத்துக்கொண்டு பார்த்தால் அதில் முக்கால்வாசி இப்போதைக்கு வேண்டாம். முதலில், வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக மூன்று கவர் முள் தொங்குகிற பெரிய லூர்களை எல்லாம் எடுத்து வையுங்கள். ஒரு லூரில் ஆறு முனை. மீன் வாயில் ஒன்று ஏறினால் மிச்சம் ஐந்தும் உங்கள் பாப்பாவின் கையைத்தான் தேடும். அனுபவத்தில் சொல்கிறேன். பல வருடம் முன்பு காலிங்கராயன் வாய்க்கால் மேட்டில் அண்ணன் மகனுக்கு வீசக் கற்றுக்கொடுத்தேன். அவனுக்கு அப்போது எட்டு வயது. நேர் பின்னால் நின்றது என் தப்பு. வீச்சு முன்னால் போகவில்லை, லூர் என் காதில் நின்றது. இரண்டு முனை மடலில் ஏறிவிட்டது. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, முனையை மறுபக்கம் தள்ளி, முனைக்குப் பின்னால் கொக்கிபோல நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் வெட்டி, வந்த வழியே உருவி எடுத்தார். டி.டி. ஊசியும் போட்டார். பையன் அழுத அழுகையில் நான்தான் அவனுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது, தண்ணீர் மேலே ‘பொளக் பொளக்’ என்று சத்தம் போடும் குழி வாய் லூர், வெட்டி வெட்டி இழுக்க வேண்டிய நீள லூர். இவையெல்லாம் பெரியவர்கள் கை விளையாட்டு. மணிக்கட்டில் தாளம் வேண்டும். ஒன்பது வயதில் அது வராது, வராதபோது அந்த லூர் செத்த குச்சி. ரப்பர் தவளை விராலுக்கு நல்லதுதான். ஆனால் விரால் கவ்வியவுடனே தூண்டிலைச் சுண்டி இழுக்கக் கூடாது, ஒரு மூச்சு பொறுத்து இழுக்க வேண்டும். அந்தப் பொறுமை எனக்கே ஐம்பதுக்கு மேல்தான் வந்தது.

மிச்சம் இருப்பதில் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று ஸ்பின்னர். படத்தில் வலது மூலையில், கம்பியில் வெள்ளித் தகடு கோத்தது இரண்டு இருக்கிறதே, அதுதான். இருப்பதில் சின்னதாக, மூன்று நான்கு கிராம் எடையில். இந்த வகையில் பெரிய பெயர் எடுத்த மெப்ஸை 1938இல் பிரான்சில் ஆந்த்ரே மெல்னார் என்ற இன்ஜினியர் செய்தார். இழுத்தால் தகடு தானாகச் சுற்றும், மினுங்கும், தண்ணீரில் அதிர்வு போகும். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மீன் தன் உடம்பின் இரு பக்கமும் ஓடுகிற பக்கவாட்டுக் கோடு என்ற உணர்வு உறுப்பால் அந்த அதிர்வை அறிந்துகொள்ளும். பையன் செய்ய வேண்டியது ரீலை ஒரே சீராகச் சுற்றுவது மட்டும். செல்போன் கேட்கிறான் என்றீர்களே, அவன் கைக்கு வேலை இல்லாமல் இருந்திருக்கும். ஸ்பின்னர் தூண்டில் நரம்பை முறுக்கேற்றிவிடும் என்பதால் மேலே ஒரு அடி தள்ளி ஒரு ஸ்விவல், அதாவது தானாகச் சுழலும் சின்ன வளையம், கட்டுங்கள். இல்லையென்றால் அரை மணியில் நரம்பெல்லாம் குருவிக்கூடு.

இரண்டாவது மிதக்கிற சின்ன மீன் லூர், சுண்டுவிரல் நீளம். இதன் முன்னோடியை 1936இல் பின்லாந்தில் லௌரி ரபாலா என்ற மீன்பிடிக்காரர் தக்கை மரத்தில் செதுக்கி, சாக்லேட் சுற்றி வரும் ஜிகினாக் காகிதத்தை ஒட்டிச் செய்தார். உங்களுக்கு இது எதற்கு என்றால், சுற்றினால் கொஞ்சம் முங்கி ஓடும், நிறுத்தினால் தானே மேலே வந்துவிடும். அறுந்துபோன மூன்றும் முழுகுகிற ரகமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். குழந்தை நடுவில் நின்று கொக்கு பார்க்கும், அதற்குள் லூர் பாறை இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். மிதக்கிறதில் அந்தத் தொல்லை குறைவு. எடை இல்லாததால் தூரம் போகாது. போகவும் வேண்டாம், மீன் கரையோரம்தான்.

மூன்றாவது அந்த ரப்பர் புழு. ஈயத் தலை முள்ளில் கோத்து வீசுவது. பறிபோனாலும் மனசு வலிக்காத விலை.

மூன்றிலும் மூன்று கவர் முள் எதில் இருந்தாலும் கழற்றி ஒற்றை முள் மாட்டிவிடுங்கள். பிறகு எதிர்முள்ளை நசுக்க வேண்டும். மூக்குக் குறடால் முனைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்னச் செதிலை மட்டும் பிடித்து மெதுவாக அழுத்துங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பலமாக நெரித்தால் முனையே ஒடிந்துவிடும். சரியாக நசுங்கியதா என்று பார்க்க ஒரு பழைய துண்டில் குத்தி இழுங்கள். நூலைக் கவ்விக்கொண்டு வந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால் சரி. இந்த வேலையைப் பாப்பா எதிரிலேயே செய்யுங்கள், இழுத்துப் பார்க்கிற துண்டை அவள் கையிலேயே கொடுங்கள். அவள் பயந்தது நியாயம். என் காதைக் கேட்டால் சொல்லும்.

ஆனால் பாப்பாவுக்கு லூரே வேண்டாம். ஆறு வயசுக்குத் தக்கைதான். மயிலிறகுத் தண்டில் ஒரு சாண், கீழே சின்ன முள், துளி ஈயம், மண்புழுவில் பாதி. எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, எனக்குக் கட்டிக் கொடுத்ததும் இதேதான். கொடுமுடியில் காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து, தண்டு படுத்தால் ஜிலேபி மீன், நடுங்கி நடுங்கி முங்கினால் கெளுத்திக் குஞ்சு என்று முங்கும் தினுசை வைத்தே மீனைச் சொல்வார். நான் நம்பாமல் இழுத்துப் பார்ப்பேன், பெரும்பாலும் அவர் சொன்னதுதான் வரும். ஜிலேபி 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன். இன்று எங்கும் பெருகிக் கிடப்பதால், பிடிப்பதற்குக் கணக்கும் பார்க்க வேண்டாம், மனசும் உறுத்தாது. உள்ளங்கை அகல மீன் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தாலே குழந்தை எழுந்து போகாது.

விராலில் மட்டும் ஒரு கணக்கு உண்டு. மழைக்குப் பிறகு கரையோரத் தண்ணீரில் செக்கச்செவேல் என்று குஞ்சுகள் ஒரு தட்டு அகலத்துக்கு மொய்த்துக்கொண்டு நகரும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அங்கே லூர் போட்டால் உடனே அடிக்கும், பசியில் அல்ல, கோபத்தில். பையன் குதிப்பான். போடாதீர்கள். காவல் போனால் அந்தக் குஞ்சுக் கூட்டத்தை மற்ற மீன்கள் ஒரே நாளில் முடித்துவிடும். பாஸிலும் ஆண் மீன் சரளைக் கல்லில் கூடு கட்டி முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் இருக்கும். மச்சானைக் கேளுங்கள், தெரிந்திருக்கும்.

காவிரிக்கே உரிய திமில் மஹசீர் தப்பித் தவறி மாட்டினால் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றி விட்டுவிடுங்கள். 2018இல் அதை ‘மிகவும் அருகிய’ இனங்களில் சேர்த்துவிட்டார்கள். மோயாற்றுப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது புலிகள் காப்பகம். பவானிசாகர் அணைக்குள் பிடிக்க உரிமம் வேண்டும்.

இடம் பற்றி. பையனுக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருக்கும் இடம் வேண்டாம், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். மேலே அணையில் தண்ணீர் கூட்டினால் இங்கே பாறை ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். போகிற வழியில் கரையோர டீக்கடையில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். இரண்டு பேருக்கும் லைஃப் ஜாக்கெட், இதில் பேச்சே வேண்டாம். வீசும்போது ஒருவர் மட்டும் வீச வேண்டும், மற்றவர் பக்கவாட்டில். பின்னால் யாரும் கூடாது, நீங்களும்தான்.

மச்சான் சிரித்தது பற்றி. அவர் இருக்கும் ஊரிலும் சின்னப் பிள்ளைகள் பாஸில் ஆரம்பிப்பதில்லை. குளத்தோரமாக உட்கார்ந்து, பாதி சிவப்பு பாதி வெள்ளையில் உருண்டைத் தக்கை போட்டு, மண்புழு கோத்து, ‘புளூகில்’ என்ற உள்ளங்கை அகல மீனைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். அவர் பிள்ளைகள் எதில் ஆரம்பித்தார்கள் என்று அடுத்த போனில் கேட்டுப் பாருங்கள்.