போனஸ் வாங்கிய பிறகா, அதற்கு முன்பா? வங்கி வேலை மாறும் மகளுக்கு ராஜினாமா தேதி

ஐயா, உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. மகள் இப்போதே ராஜினாமா கொடுத்துவிட்டுப் புதிய வங்கிக்குப் போகலாமா, மே மாதப் போனஸ் வரும் வரை பொறுப்பதா, போனஸ் கைக்கு வந்ததும் கிளம்புவது நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொறுக்கலாம். அதற்கு போனஸ் மட்டும் காரணமில்லை. நீங்கள் கணக்கில் சேர்க்காத இன்னொரு தொகையும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் பொதுத்துறை வங்கியில் ஓய்வு பெற்றவர். அங்கே 2020 நவம்பரில் கையெழுத்தான 11-ஆவது இருதரப்பு ஒப்பந்தத்தில்தான் (வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையிலான சம்பள ஒப்பந்தம்) பி.எல்.ஐ. என்ற செயல்திறன் ஊக்கத்தொகை வந்தது. வங்கியின் லாப வளர்ச்சியைப் பொறுத்து 5 முதல் 15 நாள் சம்பளம். அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு, “இதற்காக நல்ல வாய்ப்பைத் தள்ளிப்போடலாமா” என்று கேட்கிறீர்கள். தனியார் வங்கியில் மகள் வாங்குவது வேறு. ஏப்ரல் முதல் மார்ச் வரை அவர் செய்த வேலைக்கு ரேட்டிங் போட்டு, அதன்படி கொடுக்கும் வேரியபிள் பே அது. நல்ல ரேட்டிங் கிடைத்தால் சில மாதச் சம்பளம் வரைகூடப் போகும்.

ஆனால் அது எப்போது அவருடைய பணம் ஆகிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மார்ச் 31 வரை உழைத்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். பெரும்பாலான தனியார் வங்கிகளின் விதி அப்படி இல்லை. போனஸ் வழங்கும் நாளில் அவர் பணியில் இருக்க வேண்டும் என்று சில வங்கிகள் எழுதியிருக்கும். வேறு சில, அந்த நாளில் ராஜினாமா கொடுத்து நோட்டீசில், அதாவது விலகுவதற்கு முன் வேலை பார்த்தாக வேண்டிய காலத்தில், இருக்கக்கூடாது என்றும் சேர்த்திருக்கும். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் உண்டு. முதல் வகை என்றால் நோட்டீஸ் காலத்திலேயே போனஸ் வாங்கிவிடலாம். இரண்டாவது வகை என்றால் ஒரு நாள் முந்திக் கொடுத்த ராஜினாமாவும் முழுத் தொகையையும் பறித்துவிடும். மகள் தன் அப்பாயின்மென்ட் லெட்டரையும், எச்.ஆர். தளத்தில் உள்ள வேரியபிள் பே விதிகளையும் இந்த வாரமே எடுத்து வரி வரியாகப் படிக்கட்டும். போன வருடம் கொடுத்த போனஸ் கடிதத்தையும் பார்க்கட்டும். வாங்கிய சில மாதங்களுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற வரி சிலவற்றில் இருக்கும்.

இப்போது கணக்கு. நீங்கள் எழுதிய விவரங்களையே எடுத்துக்கொள்கிறேன். இப்போதைய மாதச் சம்பளம் 90,000 ரூபாய். புதிய வங்கி தருவதாகச் சொல்வது 1,25,000. எதிர்பார்க்கும் போனஸ் 2,40,000. நோட்டீஸ் 90 நாள். புதிய வங்கி மே முதல் வாரத்தில் சேரச் சொல்கிறது, எனவே ராஜினாமா இப்போதே போக வேண்டும். மகள் பொறுத்திருந்து, மே மாதச் சம்பளத்தோடு போனஸ் கணக்கில் ஏறிய பிறகு ஜூன் முதல் வாரத்தில் ராஜினாமா கொடுத்தால், செப்டம்பர் முதல் வாரத்தில்தான் வெளியே வர முடியும். நான்கு மாதத் தாமதம். மாதம் 35,000 வீதம் இழப்பது 1,40,000. போனஸ் அதைவிட ஒரு லட்சம் அதிகம்.

இதோடு நிறுத்திவிட்டால், ஒரு லட்சத்துக்காக நான்கு மாதமா என்று தயங்கத் தோன்றும். மகள் 2021 ஆகஸ்ட் நடுவில் சேர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு ஐந்தாண்டுத் தொடர் பணி வேண்டும். மே மாதம் விலகினால் அந்த ஐந்தாண்டு நிறைவதில்லை. செப்டம்பரில் விலகினால் நிறைந்துவிடும், ஏனென்றால் நோட்டீஸ் காலத்தில் வேலை பார்க்கும் நாட்களும் பணிக்காலம்தான். அடிப்படைச் சம்பளம் 45,000 என்றால், அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஐந்து ஆண்டால் பெருக்கினால் ஏறக்குறைய 1,30,000 ரூபாய். அதற்கு வருமான வரியும் கிடையாது. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். இருப்பது உண்மைதான். ஆனாலும் முழு ஐந்தாண்டு கேட்கும் நிறுவனத்திடம் வாதாடி வாங்கும் அலைச்சல் மகளுக்கு எதற்கு? இதே காரணத்தால், நோட்டீசைப் பணம் கட்டிக் குறைத்துக்கொண்டு ஜூலையிலேயே கிளம்பும் யோசனையும் வேண்டாம்.

ஆக, போனசும் கிராஜுவிட்டியும் சேர்ந்து 3,70,000 ஒரு பக்கம், தாமதத்தால் இழக்கும் 1,40,000 மறுபக்கம். புதிய வங்கியின் எச்.ஆரிடம் மகள் இதை ஒளிக்காமல் பேசலாம். “மே மாதம் போனஸ், ஆகஸ்டில் கிராஜுவிட்டி, செப்டம்பரில் சேர்கிறேன். முன்னதாக வேண்டுமென்றால் இந்த இரண்டையும் ஜாயினிங் போனசாக ஈடுகட்டுங்கள்” என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவர்களும் வங்கிக்காரர்கள், இந்தச் சுழற்சி அவர்களுக்குத் தெரியும். ஈடுகட்டுவதாகச் சொன்னால் அது ஆஃபர் லெட்டரில் எழுத்தில் வர வேண்டும். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் கூடவே வரும். காத்திருக்கச் சம்மதித்தாலும் புதிய சேரும் தேதியோடு திருத்திய கடிதம் வாங்கியாக வேண்டும்.

இரண்டுக்கும் மறுத்துவிட்டால்? அப்போது கேள்வி மாறிவிடுகிறது. மாதம் 35,000 கூடுதல் என்றால் 3,70,000 இழப்பை ஈடுகட்டப் பதினொரு மாதம் ஆகும். மகள் இப்போது சில்லறைக் கடன் பிரிவில் இருக்கிறார், புதிய வேலை கார்ப்பரேட் கிரெடிட், அதாவது பெரிய நிறுவனங்களுக்கான கடன் பிரிவு. அந்த மேசைக்கு மாறும் வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை. நானாக இருந்தால் இழப்பை ஏற்றுக்கொண்டு போகச் சொல்வேன். இதே சம்பள உயர்வு, இப்போது செய்யும் அதே வேலைக்கு என்றால் அந்த வாய்ப்பை விட்டுவிடச் சொல்வேன், ஆறு மாதத்தில் இன்னொன்று வரும்.

போனஸ் வாங்கியதும் விலகுவது நன்றிகெட்ட செயல் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது முடிந்துபோன ஓராண்டு உழைப்புக்கான கூலி, வரப்போகும் ஆண்டுக்கான முன்பணம் அல்ல. ஆனால் அப்ரைசல் பேச்சில் மேலாளர் “அடுத்த வருடமும் இருப்பாய் அல்லவா” என்று கேட்டால் பொய்யான உறுதி கொடுக்கக்கூடாது. வங்கி செலவில் நீண்ட பயிற்சிக்குப் பெயர் கொடுக்கவும் கூடாது. நோட்டீஸ் காலம் முழுவதும் இருந்து ஃபைல்களை ஒழுங்காக ஒப்படைப்பதில்தான் நன்றி இருக்கிறது. பணியிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அடுத்த வங்கி சேர்த்துக்கொள்ளத் தயங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வரியிலும் ஒரு கவனம் வேண்டும். பழைய வங்கியில் அந்த நிதியாண்டில் வாங்கிய சம்பளம், போனஸ், பிடித்த வரி எல்லாவற்றையும் புதிய வங்கியிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவர்கள் தாங்கள் தரும் ஏழு மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்து, 12 லட்சத்துக்குள்தானே என்று வரியே பிடிக்காமல் விடக்கூடும். இரண்டையும் கூட்டினால் ஒரு லட்சத்தைத் தாண்டும் வரியில் பெரும்பகுதி, ரிட்டர்ன் போடும்போது வட்டியோடு வந்து நிற்கும். பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம், புதிய கணக்குக்கு மாற்றினால் போதும். எந்தக் காரணத்தாலாவது நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்ட நேர்ந்து, அதன் மேல் ஜி.எஸ்.டி. கேட்டால், மத்திய மறைமுக வரி வாரியத்தின் 2022 ஆகஸ்ட் 3-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் அது கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

உங்கள் பழைய நண்பர் ஒருவர் மூலம் அந்த வங்கியின் மண்டல அலுவலகத்தில் போனஸ் தேதியை விசாரிக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அப்பா விசாரித்தார் என்ற செய்தி மேலாளரின் காதுக்கு ஒரே நாளில் போய்விடும், ரேட்டிங் இன்னும் முடிவாகாத நேரம் இது. போன வருடத்துச் சம்பளச் சீட்டுகளைப் புரட்டினாலே எந்த மாதம் வந்தது என்பது மகளுக்கே தெரிந்துவிடும்.