இழுத்துச் செல்லும் 20 அடி வீட்டில் இரண்டு பேர் வசதியாக வாழ முடியுமா? உள் அமைப்பு எப்படி இருக்க வேண்டும்?

முடியும். நானும் என் கணவரும் இரண்டு வருஷத்துக்கு மேல் 20 அடி நீள டிரெய்லரில், அதாவது வண்டியில் கோர்த்து இழுக்கிற சக்கரத் தளத்தின் மேல் கட்டிய வீட்டில் இருந்தோம். ஆனால் முதல் கேள்விக்கான பதிலே உங்களுடைய இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. படுக்கை பரணிலா கீழேயா, சமையலறை எந்த இடத்தில், பாத்ரூமுக்கு எந்த வழியாகப் போவது என்பதெல்லாம் சரியாக அமைந்தால் அந்த இடம் போதும். இல்லாவிட்டால் 30 அடி வீடு வாங்கினாலும் அதே எரிச்சல்தான்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். 170 சதுர அடி என்று சொல்லி விற்பார்கள், அது வெளி அளவு. அமெரிக்காவில் தனி அனுமதி வாங்காமல் நெடுஞ்சாலையில் இழுக்க வேண்டுமானால் அகலம் எட்டரை அடியைத் தாண்டக் கூடாது, ஐரோப்பாவில் 2.55 மீட்டர், அதாவது அதைவிடச் சற்றுக் குறைவு. சுவர்களும் அவற்றுக்குள் அடைக்கிற வெப்பக்காப்பும் சேர்ந்து ஓரடியைத் தின்றுவிடும், மிஞ்சுவது ஏழரை அடி. நீளத்திலும் அப்படியே ஓரடி போகும். கடைசியில் கைக்கு வருவது 140 சதுர அடி சொச்சம். அதோடு பல டிரெய்லர்களில் சக்கரம் வரும் இடத்தில் இரண்டு பக்கமும் பெட்டி மாதிரி ஒரு மேடு உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும். அதன் மேல் சோபா வரலாம், சமையல் மேடை வரலாம், கதவு வர முடியாது. வரைபடம் போடும்போது நிறைய பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் சமையலறைக்கு இரண்டு பக்கமும் இரண்டடி ஆழத்தில் மேடை போட்டிருந்தார்கள், நடுவில் மூன்றரை அடி வழி. காகிதத்தில் பார்த்தால் தாராளம். ஆனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தாலே வழி அடைபட்டுப் போகும், பாத்ரூமோ சமையலறையைத் தாண்டிக் கடைசியில், ஆகவே நான் அடுப்படியில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது அவருக்கு அவசரம் வந்தால் நான் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்கணும். ஒரு நாளைக்கு எத்தனை முறை, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்க மேடையைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு சாண் ஆழத்தில் அலமாரி அடித்தோம். சாமான் வைக்கிற இடம் குறைந்தது, வாய்த்தகராறும் குறைந்தது. அந்த வீட்டுக்கு நாங்கள் செய்த ஒரே உருப்படியான மாற்றம் அதுதான்.

அதிலிருந்து எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்பேன்: ஒரு வேலையைத் தொடங்க எத்தனை பொருளை நகர்த்தணும், யார் எழுந்திருக்கணும்? மடக்கு மேஜை, சோபாவே கட்டில், படிக்குக் கீழே இழுப்பறை என்று காட்டுகிறார்களே, வீடியோவில் அழகாக இருக்கும். எங்கள் மடக்கு மேஜையை முதல் மாதம் தினமும் மடக்கினோம், அப்புறம் அது விரித்தபடியே கிடந்தது. தினமும் செய்கிற வேலைக்கு நிலையான இடம் ஒதுக்குங்கள், வாரம் ஒரு முறை செய்வதற்கு மடக்குகிற சாமான் போதும்.

பரணுக்கு வருகிறேன். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சாலையில் போகும் வண்டியின் உயரம் 13 அடி 6 அங்குலத்துக்குள் இருக்கணும். டிரெய்லரின் தளமே தரையிலிருந்து சுமார் இரண்டடி, வீட்டுத் தளத்தின் கனத்துக்கும் கூரையின் கனத்துக்குமாக இன்னும் ஓரடி, ஆக உள்ளே மொத்தம் பத்தரை அடி. பரணுக்குக் கீழே ஒரு ஆள் நிமிர்ந்து நிற்க ஆறரை அடி விட்டு, பரணின் கனத்துக்கு அரை அடி கொடுத்தால், மேலே மூன்றரை அடிதான். உட்காரலாம், நிமிர்ந்து உட்கார்ந்தால் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும். என் கணவர் ஆறடி, முதல் வாரமே நெற்றியில் புடைப்பு. ஐரோப்பாவில் உயர வரம்பு 4 மீட்டர், அங்கே கணக்கு இன்னும் இறுக்கம். அமெரிக்காவில் 2018 குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பில் சின்ன வீடுகளுக்கென்றே ஒரு பின்னிணைப்பு உண்டு. அதன்படி வசிக்கும் இடத்துக்குக் குறைந்தது 6 அடி 8 அங்குல உயரம், குளியலறைக்கும் சமையலறைக்கும் 6 அடி 4 அங்குலம், பரணென்றால் குறைந்தது 35 சதுர அடி. சக்கரத்தில் நிற்கிற வீட்டை அது கட்டுப்படுத்தாவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல்.

பரணில் படுப்பது ஆரம்பத்தில் குஷியாகத்தான் இருக்கும். சூடான காற்று மேலே ஏறும் என்பதைப் பள்ளியில் படித்தோம், கோடையில் அனுபவித்தோம். சமையல் வாசம் முழுக்கத் தலையணையில். படுக்கை விரிப்பை மண்டியிட்டபடியேதான் மாற்றணும். எனக்கு ஒரு முறை காய்ச்சல் வந்து, நடுராத்திரி தலைச்சுற்றலோடு ஏணியில் இறங்கினேன் பாருங்கள், அன்றைக்கு முடிவு செய்தேன், இனி எனக்குக் கீழே படுக்கைதான். நிரந்தரமாக இருக்கப்போகிறீர்கள் என்றால் நீளத்தை இரண்டடி கூட்டியாவது கீழே படுக்கை வையுங்கள், பரணைப் பெட்டிகளுக்கு விடுங்கள். பரண்தான் வேண்டும் என்றால் ஏணிக்குப் பதில் படி, மேலே ஒரு ஆள் வெளியேறும் அளவுக்குத் திறக்கிற ஜன்னல், இந்த இரண்டிலும் சமரசம் வேண்டாம். கீழே தீப்பிடித்தால் இறங்கும் வழி அந்த ஒரு படிதான்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஈரம். இரண்டு பேர் மூச்சு, குளியல், சமையல், எல்லாம் அந்தச் சின்ன டப்பாவுக்குள். அடுப்பில் எரிகிற புரொப்பேன் கேஸ் ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். குளிர்காலத்தில் காலையில் ஜன்னல்கள் வியர்த்து வழியும், துடைத்துவிடலாம். ஆனால் மெத்தைக்கு அடியிலும் அதே ஈரம் சேர்ந்து பூஞ்சை பூத்திருந்தது, நான்கு மாதம் கழித்துத்தான் பார்த்தோம். மெத்தையைப் பலகை மேல் அப்படியே போடாமல், இடைவெளி விட்ட சட்டங்கள் மேல் போடணும். அடுப்புக்கு மேலே ஒன்று, குளியலறையில் ஒன்று என்று காற்றை வெளியே தள்ளுகிற ஃபேன் கட்டாயம். அப்படியே கார்பன் மோனாக்சைடு என்கிற, வாசமே இல்லாத விஷவாயுவுக்கு ஒரு அலாரமும், தரையை ஒட்டி ஒரு கேஸ் அலாரமும் மாட்டிவிடுங்கள், புரொப்பேன் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும்.

இழுப்பதைப் பற்றி: கனமான சமையலறை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பின்பக்கம் போய்விட்டால், வீட்டை இழுக்கிற வண்டியோடு இணைக்கும் கொக்கியின் மேல் சுமை குறைந்து, வேகத்தில் வீடு இடமும் வலமுமாக வாலாட்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் விழணும் என்பது அமெரிக்காவில் சொல்கிற கணக்கு. நிறைந்த 150 லிட்டர் தொட்டி என்றால் 150 கிலோ, அதைச் சக்கர அச்சுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் மொத்தம் மூன்றே முறைதான் இழுத்தோம், அதில் ஒரு முறை அலமாரிக் கதவு திறந்துகொண்டு தட்டு டம்ளரெல்லாம் தரையில்.

வாங்குவதற்கு முன்னால், ஒரு காலி இடத்தில் ஏழரைக்கு 19 அடி டேப் ஒட்டி, சக்கர மேடுகளுக்குப் பதில் இரண்டு அட்டைப்பெட்டி வைத்து, நீங்கள் இரண்டு பேரும் காலையில் எழுந்து கிளம்புகிற வரைக்கும் உள்ள வேலையை அதற்குள் நடித்துப் பாருங்கள். மழைநாளில் வெளியிலிருந்து வருவதையும் நடியுங்கள், ஏனென்றால் ஈரச் செருப்புக்கும் சொட்டுகிற குடைக்கும் கதவருகே இடம் ஒதுக்க நாங்கள் மறந்துவிட்டோம், இரண்டு வருஷமும் அவை குளியலறைத் தரையில்தான் கிடந்தன, குளிக்கப் போகிற ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தோம்.