வேறொருவர் லாகின் வழியே நுழைந்த ரேன்சம்வேர்: நஷ்டம் யார் தலையில்?

கேள்வி: சேலத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். மூன்று கிளைகள் உள்ளன. பில், ரிப்போர்ட் எல்லாமே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் புரோகிராமில்தான் ஓடுகின்றன. சர்வர் எங்கள் இடத்தில் இருக்கிறது. பழுது என்றால் அவர்கள் ரிமோட்டில் உள்ளே வந்து சரிசெய்வார்கள். பத்து நாள் முன்பு அவர்களுடைய ஊழியர் ஒருவரின் லாகின் வழியாக யாரோ நுழைந்து ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் மென்பொருள்) போட்டுவிட்டார்கள். நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள் சிலவற்றை மாதிரிக்கு அனுப்பிப் பணம் கேட்டு மிரட்டுகிறார்கள். சாஃப்ட்வேர் கம்பெனியோ, "ஒப்பந்தப்படி மூன்று மாதக் கட்டணம்தான் தருவோம், ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், வெளியே சொல்லாதீர்கள்" என்கிறது. பாதுகாப்புக்காக ஒரு சைபர் செக்யூரிட்டி நிறுவனத்துக்கும் மாதாமாதம் பணம் கட்டுகிறோம். அவர்கள், "அந்த சர்வர் எங்கள் பட்டியலிலேயே இல்லை" என்கிறார்கள். யார் மேல் கேஸ் போடுவது? நோயாளிகளிடம் சொல்ல வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கேஸ் பற்றி அப்புறம் பேசலாம். அதற்கு முன்னால் இன்றே முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

"வெளியே சொல்லாதீர்கள்" என்று அவர்கள் சொன்னதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 28.4.2022 அன்று ஓர் உத்தரவு போட்டது. ரேன்சம்வேர், தரவுக் கசிவு போன்றவை தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தகவல் தர வேண்டும். பெரிய கம்பெனி, சிறிய கம்பெனி என்ற பாகுபாடு இதில் இல்லை. வெண்டர், அதாவது சாஃப்ட்வேர் கம்பெனி, சொல்லிக்கொள்வார் என்று விட்டுவிடவும் முடியாது. அவருக்கு ஒரு கடமை, உங்களுக்குத் தனியாக ஒரு கடமை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 70பி(7) பிரிவின்படி, இந்த உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் விதிக்கலாம். 2023-ல் வந்த திருத்தம் அந்த அபராதத்தின் உச்சவரம்பை 1 கோடி ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. பத்து நாள் தாண்டிவிட்டதே என்று பயந்து பேசாமல் இருந்துவிடாதீர்கள். தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடி எழுதி இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். கூடவே 1930 எண்ணிலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுத்து, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாட்சியம். இந்த மாதிரி விவகாரங்களில் கேஸ் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். "சர்வரை ஃபார்மேட் செய்து புதிதாகப் போட்டுத் தருகிறோம்" என்று சாஃப்ட்வேர் கம்பெனி ஆள் அனுப்பினால் விடாதீர்கள். அந்த ஹார்ட் டிஸ்கைத் தொடவே கூடாது. செர்ட்-இன் அங்கீகாரம் பெற்ற தணிக்கை நிறுவனம் ஒன்றை வைத்து அதை அப்படியே நகல் எடுத்து, ஹாஷ் மதிப்பையும் (நகல் மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். பாரதிய சாட்சிய சட்டம் 63-ம் பிரிவு கேட்கும் சான்றிதழில் அந்த மதிப்பு இடம்பெற வேண்டும். மின்னணுப் பதிவை வைத்திருப்பவர் ஒரு பகுதியிலும் நிபுணர் இன்னொரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். அதே செர்ட்-இன் உத்தரவு, லாக் பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. ஆகவே எந்த லாகினில், எந்த ஐபி முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்ற பதிவு வெண்டரிடமும் இருந்தாக வேண்டும். அதை அழிக்கக் கூடாது என்று இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். அப்புறம் அழித்தால், அதுவே அவர்களுக்கு எதிராகப் பேசும்.

வெண்டரின் ரிமோட் இணைப்பை இன்னும் துண்டிக்கவில்லை என்றால், முதலில் துண்டியுங்கள். 2024 ஜூலை கடைசியில், சிறிய வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தை ரேன்சம்வேர் தாக்கியிருக்கக்கூடும் என்று தெரிந்ததும், தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அந்த நிறுவனத்தைத் தன் வலையமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள் என்று சுமார் 300 வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ போன்ற சேவைகளைப் பயன்படுத்த முடியாமல் தவித்தார்கள். தவிப்பு உண்மைதான். ஆனாலும் துண்டித்தது சரியான முடிவு என்றே சொல்வேன்.

இனி, உங்களுக்குக் கசப்பாக இருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். நோயாளி ரத்தம் கொடுத்தது உங்களை நம்பித்தான். உங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. மருத்துவப் பதிவுகளை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ம் ஆண்டு விதிகள் 'நுண்ணுணர்வுத் தரவு' வகையில் சேர்த்திருக்கின்றன. அதைக் கையாள்பவர் நியாயமான பாதுகாப்பு செய்வதில் கவனக்குறைவாக இருந்து, அதனால் ஒருவருக்கு நஷ்டம் வந்தால், அதே சட்டத்தின் 43ஏ பிரிவின்படி இழப்பீடு தர வேண்டும். தனி உரிமையாளர் நடத்தும் தொழிலுக்கும் இது பொருந்தும். சர்வர் உங்கள் இடத்தில் இருப்பதால் அந்தப் பிரிவு முதலில் உங்களைத்தான் தேடி வரும்.

2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை இன்னும் தெளிவாகவே சொல்கிறது. வேலையை வெளியாளிடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு, தரவைச் சேகரித்தவருடையதே. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலுக்கு வருகின்றன. அப்போது பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரையிலும், கசிவைத் தெரிவிக்காததற்கு 200 கோடி ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தின் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு அதிகாரம் இருக்கும். உங்கள் அளவுள்ள கூடத்துக்கு அவ்வளவு விதிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிறு தொழில் என்பதால் இந்தக் கடமையிலிருந்து தப்பிக்க வழியில்லை.

நோயாளிகளிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதிய சட்டத்தின் அந்தப் பகுதி அமலுக்கு வரும் வரை, உங்களைப் போன்ற கூடம் ஒவ்வொரு நோயாளிக்கும் தெரிவித்தாக வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நேரடியாக எங்கும் எழுதப்படவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. எச்.ஐ.வி. பரிசோதனை முடிவும் கர்ப்பப் பரிசோதனை முடிவும் அந்த சர்வரில் இருந்திருக்கும். மிரட்டுகிறவன் நாளைக்கு அப்படிப் பரிசோதித்துக்கொண்ட ஒரு பெண்ணின் போனுக்கே நேராக மெசேஜ் அனுப்பலாம். அதற்கு முன்னால் அவருக்கு உங்களிடமிருந்து தகவல் போயிருக்க வேண்டும். என்ன நடந்தது, எந்தத் தகவல் போயிருக்கலாம், யாராவது பணம் கேட்டால் என்ன செய்வது, உங்களை எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று எளிய தமிழில் எழுதி அனுப்பினால் போதும். நீங்களே சொன்னீர்கள் என்பது நாளைக்கு உங்களுக்குச் சாதகமான ஆவணமாகவும் நிற்கும்.

சரி, சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வருவோம். அவர்கள் நீட்டும் கடிதத்தில் 'முழுமையான, இறுதியான தீர்வு' என்றோ, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்றோ ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால், பிறகு நோயாளிகள் உங்கள் மேல் கேஸ் போடும்போது சாஃப்ட்வேர் கம்பெனியிடம் கை நீட்ட முடியாது.

மூன்று மாதக் கட்டணம் என்ற உச்சவரம்பை லேசாக நினைக்காதீர்கள். பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில், தொலைந்துபோன கூரியருக்கு ஒப்பந்தத்தில் இருந்த 100 டாலர் வரம்புதான் செல்லும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. இரண்டு வியாபாரிகள் கையெழுத்துப் போட்டுக்கொண்ட வரம்பை நீதிமன்றம் எளிதில் உடைக்காது. அதனால் அந்தப் பத்தியின் அடுத்த வரியைப் படியுங்கள். 'பெரும் கவனக்குறைவு, ரகசியக் காப்பு மீறல், மோசடி ஆகியவற்றுக்கு இந்த வரம்பு பொருந்தாது' என்கிற மாதிரி ஒரு விலக்கு பல ஒப்பந்தங்களில் இருக்கும். மூன்றாம் நபர் கோரும் இழப்பீட்டை வெண்டரே ஏற்கும் ஷரத்தும் வேறொரு பக்கத்தில் இருக்கலாம். இவை இருந்தால் உங்கள் கேஸ் பலமானது. இல்லாவிட்டால் கடினம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பெரும் கவனக்குறைவை எப்படி நிரூபிப்பது? ஐந்தாறு ஊழியர்கள் ஒரே பாஸ்வேர்டைப் பகிர்ந்தார்களா, ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு இருந்ததா, வேலையை விட்டுப் போனவரின் லாகின் உயிரோடு இருந்ததா, எல்லா வாடிக்கையாளர் சர்வருக்கும் ஒரே பாஸ்வேர்டா என்பவற்றையெல்லாம் நோட்டீஸிலேயே கேள்வியாகக் கேளுங்கள். அமெரிக்காவில் 2013-ல் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் திருடப்பட்டபோது, திருடர்கள் நுழைந்தது குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரரின் லாகின் வழியாகத்தான். ஆனால் 2017-ல் மாநில அரசுகளுக்கு 1.85 கோடி டாலர் கட்டியது டார்கெட். அவ்வளவு தூரத்துக்கு அந்த லாகின் போக முடிந்ததே என்ற கேள்வி டார்கெட்டை நோக்கியும் திரும்பியது. உங்களிடமும் அதைக் கேட்பார்கள்.

சைபர் செக்யூரிட்டி நிறுவனத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் புரிகிறது. ஆனால் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் அந்தக் கோபம் எங்கே எடுபடும் என்று தெரியும். இவர்கள் 'பாதுகாப்பு' என்று மொத்தமாக எதையும் விற்பதில்லை. ஓட்டைகளைத் தேடும் சோதனை ஒரு சேவை. அது சோதித்த நாளின் நிலைமையைத்தான் சொல்லும். 24 மணி நேரக் கண்காணிப்பு வேறு சேவை. நீங்கள் பட்டியலில் கொடுத்து, அவர்கள் தங்கள் மென்பொருளை நிறுவிய இயந்திரங்கள் மட்டுமே அதில் தெரியும். தாக்குதல் நடந்த பிறகு வந்து மீட்டுத் தருவது மூன்றாவது சேவை. அதற்குத் தனிக் கட்டணம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் 'தாக்குதலே நடக்காது என்று உத்தரவாதம் இல்லை' என்று எழுதியிருப்பார்கள்.

ஆகவே இரண்டு காகிதங்களைப் பாருங்கள். ஒன்று, ஒப்பந்தத்தின் இணைப்பில் உள்ள இயந்திரப் பட்டியல். அதைத் தயாரித்தது யார்? நீங்கள் கொடுத்த பட்டியலில் சர்வர் விடுபட்டிருந்தால் அவர்கள் மேல் கேஸ் நிற்காது. வலையமைப்பை ஆய்வு செய்து பட்டியல் போடுவதே அவர்கள் வேலை என்றிருந்தால், 'பட்டியலில் இல்லை' என்ற பதிலே அவர்கள் குறையை ஒப்புக்கொள்வது ஆகிவிடும். இரண்டாவது, தாக்குதல் நடந்த நேரத்தின் எச்சரிக்கைப் பதிவு. சர்வர் பட்டியலில் இல்லாவிட்டாலும், பக்கத்துக் கம்ப்யூட்டர்களில் அசைவு தெரிந்திருக்கலாம். தெரிந்தும் ஒப்பந்தம் சொன்ன நேரத்துக்குள் உங்களைக் கூப்பிடவில்லை என்றால் அது ஒப்பந்த மீறல். அவர்கள் மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் ஆபீசில் யாரும் திறக்கவில்லை என்றால் நிலைமை தலைகீழ்.

எங்கே வழக்குப் போடுவது என்பது சிறிய விஷயம்தான். ஒப்பந்தத்தில் நடுவர் மன்ற ஷரத்து இருந்தால் அங்கேதான் போக வேண்டும். அதற்கு முன்பே லாக் பதிவுகளைக் காக்க, நடுவர் மன்றச் சட்டத்தின் 9-ம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். ஷரத்து இல்லை, தொகை 3 லட்சத்துக்குக் குறையாது என்றால் வணிக நீதிமன்றம். அவசர நிவாரணம் கேட்காத பட்சத்தில் முதலில் சமரச முயற்சி கட்டாயம். மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு. 43ஏ கோரிக்கைகள் 5 கோடி வரை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடம் போகும். நுகர்வோர் நீதிமன்றத்தில், தொழிலுக்காக வாங்கிய சேவை என்ற ஆட்சேபணை வரும். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். வெண்டர் மேல் கிரிமினல் புகாரும் வேண்டாம். கவனக்குறைவு மட்டும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ம் பிரிவுக்குப் போதாது, நேர்மையற்ற நோக்கம் வேண்டும். அந்தப் பிரிவு உள்ளே நுழைந்தவனுக்குத்தான்.

புதிய வெண்டரைத் தேடும்போது, விலை பேசுவதற்கு முன் இவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு ஊழியருக்கும் தனி லாகின், ஓடிபி கட்டாயம். ரிமோட் இணைப்பை நீங்கள் திறந்தால் மட்டுமே திறக்க வேண்டும், வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும். கசிவு தெரிந்தால் உங்களுக்கு 2 மணி நேரத்தில் தகவல் வர வேண்டும். அப்போதுதான் உங்கள் 6 மணி நேரக் கெடுவுக்குள் நீங்கள் செர்ட்-இன்னுக்குச் சொல்ல முடியும். லாக் பதிவுகளை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். 2025 விதிகளும் அதையே கேட்கின்றன. தரவுக் கசிவுக்குப் பொறுப்பு உச்சவரம்பு பொருந்தாது, அல்லது தனியாகப் பெரிய வரம்பு. இவற்றில் கடைசியானதற்குத்தான் அவர்கள் கடுமையாக மறுப்பார்கள். முழுதாக ஒத்துக்கொள்ளாவிட்டால், அவர்கள் எடுத்திருக்கும் சைபர் காப்பீட்டின் தொகை அளவுக்காவது வரம்பை உயர்த்தச் சொல்லி, பாலிசி நகலையும் ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.