குழந்தைகளுக்கு எந்த ஹவாய்ப் பாட்டை வாசிக்கலாம்? உக்குலேலே கேள்வி பதில்

ஹவாயின் ஓவாஹு தீவில் வாழ்ந்த எட்டு ஆண்டுகளில், சிறு கிட்டார் போன்ற நான்கு தந்திக் கருவியான உக்குலேலேயைக் கற்றுக்கொண்ட நான், அதன் பிறகு நூலகங்களிலும் மழலையர் வகுப்புகளிலும் குழந்தைகளுக்காக வாசித்து வருகிறேன். பாட்டுத் தேர்வு குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் மழலையர் பள்ளி ஆசிரியை. உக்குலேலே வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஸி, எஃப், ஜி7 ஆகிய மூன்று கோர்டுகள் (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகள்) மட்டும் தடுமாறாமல் வரும். நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு முதலில் எந்தப் பாட்டைப் பாடலாம்?

பதில்: வணக்கம் அம்மா. 'பூப்பூ ஹினுஹினு' என்ற தாலாட்டிலிருந்து தொடங்குங்கள். 'மின்னும் சிப்பிகள்' என்பது அதன் பொருள். கமேஹமேஹா பள்ளியில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஹவாய்ப் பண்பாட்டைக் கற்பித்த நோனா பீமர் (1923–2008) இதை இயற்றினார். முதலில் மின்னும் சிப்பி, அடுத்து அது கிடக்கும் கடற்கரை, பிறகு 'கேட்போம் வாருங்கள்' என்ற அழைப்பு, கடைசியில் உறக்கம் என்று, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரே ஒரு கருத்துதான் வரும். சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால், இரண்டாம் முறை பாடும்போதே குழந்தைகள் வாய் அசைக்கத் தொடங்கிவிடுவார்கள். உங்களுக்குத் தெரிந்த மூன்று கோர்டுகளே இதற்குப் போதும்.

பாடுவதற்கு முன் ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ஒரு சோழியையோ சிறு சங்கையோ கொடுங்கள். 'கேட்போம்' என்ற கண்ணி வரும்போது அதைக் காதில் வைக்கச் சொல்லுங்கள். நீங்களும் மீட்டுவதை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பாடுங்கள். இருபத்தைந்து குழந்தைகள் ஒரே நேரத்தில் அமைதியாவதை நான் பல முறை கண்டிருக்கிறேன். கோர்டுகளைப் பெருக்கிக்கொண்டு போவதால் அந்த அமைதி கிடைப்பதில்லை.

கேள்வி: ஐயா, இணையத்தில் 'கௌலானா நா புவா' என்ற பாட்டைக் கேட்டேன். துள்ளலான மெட்டு, எளிய கோர்டுகள். 'புகழ்பெற்ற மலர்கள்' என்று பொருள் போட்டிருந்தார்கள். என் மகளின் வகுப்பு ஆண்டு விழாவில் பூ வேடமிட்டு ஆட வைக்கலாமா?

பதில்: வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். 1893 ஜனவரியில் ஹவாய் அரசி லிலியுஒகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. புதிய அரசுக்கு விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்த அரச இசைக்குழுவினர், தங்கள் மனக்குமுறலைப் பாட்டாக்கித் தருமாறு எலன் ரைட் பிரெண்டர்காஸ்ட் என்ற அம்மையாரை வேண்டினர். அவர் இயற்றித் தந்த பாட்டுதான் இது. அந்த அரசின் பணத்தைப் பெறுவதைவிட எங்கள் மண்ணின் கல்லைத் தின்று வாழ்வோம் என்று அதில் வருகிறது. 'புவா' என்பது மலரையும் குறிக்கும், மக்கட்செல்வத்தையும் குறிக்கும். இங்கே அது நாட்டின் பிள்ளைகளைக் குறிக்கிறது. இந்தப் பாட்டுக்கு ஹூலா என்னும் ஹவாய் நடனம் ஆடுவதில்லை என்பது அங்கே நெடுங்காலமாக இருந்துவரும் மரபு.

ஹவாய்ப் பாட்டுகளில் மேலே ஒரு பொருளும் உள்ளே ஒரு பொருளும் இருப்பது இயல்பு. அந்த உட்பொருளைக் 'கவ்னா' என்பார்கள். நம் சங்கப் பாட்டில் உள்ளுறை உவமத்தைப் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மழையும் மலரும் பெரும்பாலும் காதலைச் சுட்டும். சில இடங்களில் அரசியலையும் சுட்டும். ஆகவே எந்தப் பாட்டாக இருந்தாலும் கோர்டுகளை எண்ணிப் பார்ப்பதற்கு முன் அதை யார், யாருக்காக, எப்போது பாடினார்கள் என்று கேளுங்கள். விரலுக்கு எளிதாக இருக்கும் பாட்டெல்லாம் குழந்தைகளுக்கு உரியது ஆகிவிடாது.

மலர் வேடம்தான் உங்கள் விருப்பம் என்றால், 'நா மொக்கு எஹா', அதாவது 'நான்கு தீவுகள்', மிகப் பொருத்தமானது. ஹவாய்த் தீவுக்கு லெஹுவா மலரும் மௌனா கேயா மலையும், மாவியிக்கு ரோசாவும் ஹலேயகலாவும், ஓவாஹுவுக்கு இலிமாவும் காலா மலையும், கவாயிக்கு மொக்கிஹானாவும் வையலேயலேயும் என்று, தீவுக்கு ஒரு கண்ணி வீதம் வரும். ஜி, ஸி, டி7 ஆகியவற்றில் வாசிக்கலாம். குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து, சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் காகித மாலைகள் கொடுத்துவிடுங்கள். தங்கள் தீவு வரும்போது அந்தக் குழு எழுந்து நின்றாலே ஆட்டம் அமைந்துவிடும்.

கேள்வி: உச்சரிப்பு தவறிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. எவ்வளவு கவனம் தேவை?

பதில்: நிறையக் கவனம் தேவை. ஆனால் தமிழ் பேசுபவர்களுக்கு அது கடினமே இல்லை. ஹவாய் மொழியில் ஐந்து உயிரெழுத்துகளும் எட்டு மெய்யெழுத்துகளும்தான் உண்டு. உயிர்களில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எட்டாவது மெய்யாகிய 'ஒக்கினா' மட்டும் நமக்குப் புதிது. அது தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறப்பதால் எழும் ஒலி. 'பவ்' என்றால் முடிந்தது. 'பஉ' என்று நடுவில் அடைத்துச் சொன்னால் கரி. 'பஊ' என்றால் ஈரம். 'பாஊ' என்றால் பாவாடை. இந்த நான்கையும் ஒரு வாரம் சொல்லிப் பழகுங்கள்.

1896 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு பள்ளிகளில் கற்பிக்கும் மொழியாக இருக்கும் உரிமையை இழந்து, 1978 இல்தான் மாநிலத்தின் அலுவல் மொழியாக மீண்டது அந்த மொழி. 1984 இல் கவாயித் தீவில் பெற்றோர்களே முன்னின்று, ஹவாய் மொழி மட்டும் பேசும் மழலையர் பள்ளியைத் தொடங்கினார்கள். ஒரு தலைமுறைக் குழந்தைகளிடம் அவ்வளவு பாடுபட்டுத் திருப்பிக் கொடுக்கப்பட்ட சொற்களை, நாமும் குழந்தைகளிடம் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

கேள்வி: எங்கள் வகுப்பில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள். தாலாட்டுக்கெல்லாம் உட்கார மாட்டார்கள். ஓடி ஆட ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: 'ஹூக்கிலாவ்' பாட்டுதான். ஹூக்கி என்றால் இழு, லாவ் என்றால் இலை. நீளக் கயிற்றில் டீ என்னும் செடியின் இலைகளைக் கட்டித் தொங்கவிட்டு, மீன்களை வெருட்டி வலைக்குள் ஒதுக்கி, ஊரே இரண்டு பக்கமும் நின்று கரைக்கு இழுக்கும் மீன்பிடிப்பு அது. நம் கரைவலையை நினைத்துக்கொண்டால் போதும். ஓவாஹுவின் லாயியே ஊரில் 1940 இல் எரிந்துபோன தேவாலயத்தை மீண்டும் கட்டப் பணம் திரட்டுவதற்காக 1948 இல் ஒரு ஹூக்கிலாவ் நடத்தினார்கள். அதில் கலந்துகொண்ட ஜாக் ஓவன்ஸ் எழுதிய பாட்டு இது. பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களால் ஆனது. இவ்வகைப் பாட்டை 'ஹப்பா ஹவ்லே' என்பார்கள். இதற்கு ஏ7, டி7 என்ற இரண்டு கோர்டுகள் கூடுதலாகத் தேவைப்படும். ஏ7 மூன்றாம் தந்தியில் ஒரே விரல்தான். ஒரு நீளக் கயிறு கொண்டுபோங்கள். இரண்டு வரிசையாக நின்று இழுக்கட்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் பாடினால் குழந்தைகள் சேர்ந்து பாடுவதில்லை. என் ஆண் குரல்தான் காரணமா?

பதில்: குரலைவிடச் சுருதிதான் காரணமாக இருக்கும். பெரியவர்கள் தங்களுக்கு வசதியான சுருதியில் தொடங்குவதால் குழந்தைகள் கீழே இறங்க முடியாமல் முனகுகிறார்கள். இதற்கு உக்குலேலேயிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. வழக்கமான ஜி ஸி ஈ ஏ சுருதியில் விரல் வைக்காமல் மீட்டும் மூன்றாம் தந்தி நடு ஸி. முதல் தந்தி அதற்கு மேலுள்ள ஏ. மெட்டு பெரும்பாலும் இந்த இரண்டு ஒலிகளுக்கு இடையே நடந்தால் சிறு குழந்தைகளுக்குப் பொருந்தும். மூன்றாம் தந்திக்குக் கீழே இறங்கினால் சுருதியை உயர்த்துங்கள்.

கேள்வி: கதை சொல்லிப் பாடக்கூடிய பாட்டு ஒன்று வேண்டும்.

பதில்: 'காஹுலி அக்கு'. எனக்கு மிகவும் பிடித்த பாட்டு என்பதால் சற்று நீட்டிச் சொல்கிறேன். காஹுலி என்பது மரத்தில் வாழும் சிறு நத்தை. கோடிட்ட ஓடுகளோடு பார்ப்பதற்கு மிட்டாய்போல இருக்கும். இரவில் இந்த நத்தைகள் பாடுகின்றன என்று முன்னோர் நம்பினார்கள். உண்மையில் அது சில்வண்டுகளின் ஒலியாக இருக்கலாம் என்கிறார்கள். பாட்டில், ஆக்கோலேயா என்ற பெரணியின் நீரைக் கொண்டுவரும்படி கோலேயாப் பறவையிடம் கேட்கிறார்கள். கோலேயா என்பது பசிபிக் பொன் உப்புக்கொத்தி. கோடையில் அலாஸ்காவில் குஞ்சு பொரித்துவிட்டு, கடலைத் தாண்டி ஹவாய்க்கு வருகிறது. அதே இனப் பறவைகள் நம் கடற்கரைகளுக்கும் குளிர்காலத்தில் வருகின்றன.

ஓவாஹுவின் இந்த நத்தைப் பேரினம் முழுவதும் 1981 முதல் அழியும் நிலையிலுள்ள உயிரினப் பட்டியலில் இருக்கிறது. அதில் ஓர் இனத்தின் கடைசி நத்தையான 'தனிமை ஜார்ஜ்' 2019 ஜனவரி 1 அன்று இறந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இதைச் சொல்லுங்கள்; அவர்கள் கேட்கும் கேள்விகள் பாட்டைவிட நீளமாக இருக்கும். சிறியவர்களுக்கு நத்தையும் பறவையும் போதும்.

கேள்வி: 'ஹவாய்க் குழந்தைப் பாட்டு' என்று ஒரு தொகுப்பில் பார்த்தேன். பொருள் எங்கும் கிடைக்கவில்லை.

பதில்: வரிகளில் ட, த, ர, ச ஒலிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்றைய எழுத்து வழக்கிலுள்ள ஹவாய் மொழியில் அவை இல்லை. நீஹாவ் தீவினரின் பேச்சில் மட்டும் த ஒலி தங்கியிருக்கிறது. அவை நிறைய வந்தால் வேறு பொலினேசிய மொழியாக இருக்கலாம், வெறும் ஒலிக்கோவையாகவும் இருக்கலாம். பொருள் தெரியாத பாட்டை ஹவாய்ப் பாட்டு என்று அறிமுகம் செய்யாதீர்கள்.

கேள்வி: நிகழ்ச்சியை 'அலோஹா ஓஎ' பாடி முடிக்கலாமா?

பதில்: முடிக்கலாம். லிலியுஒகலானி இளவரசியாக இருந்தபோது, 1878 இல், மௌனாவிலியில் இருவர் பிரியாவிடை கொடுத்ததைக் கண்டு இயற்றிய பாட்டு அது. இறுதிச் சடங்குகளிலும் பாடப்படுவதால், கைதட்டி வேகமாகப் பாட வேண்டாம். பல்லவி மட்டும் போதும். ஒரு தாளத்திற்கு ஒரு முறை, மேலிருந்து கீழாக, கட்டைவிரலால் மெதுவாக மீட்டுங்கள். கடைசி ஸி கோர்டைக் கையால் அடைக்காமல் தானே அடங்க விடுங்கள். அது அடங்குவதற்குள் முன்வரிசைக் குழந்தைகள் கையசைக்கத் தொடங்கியிருப்பார்கள்.