கேள்வி-பதில்: கிணற்றுத் தண்ணீரும் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரும்

இந்தமுறை வந்த கேள்விகளில் பாதி, எஞ்சின் சூடேறுவது பற்றியவை. அவற்றுக்கு நடுவில் ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன். கேள்வி அனுப்புவோர் மொடல், ஆண்டு, எஞ்சின் வகை மூன்றையும் எழுதுங்கள். எத்தனை தரம்தான் சொல்வது?

நெல்லியடி: ஹொண்டா சிவிக், பி16ஏ எஞ்சின். ஓடிய தூரம் தெரியாது. ரைமிங் பெல்ற்றை (வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பிசகாமல் இயக்கும் பட்டி) திறந்து பார்த்தேன், வெடிப்பு ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சக் காலம் ஓடலாமா?

ஓடக்கூடாது. பெல்ற் வெளியே வெடித்துக் காட்டிவிட்டுத்தான் அறும் என்றில்லை. உள்ளே நூல் தளர்ந்து பல் உரிந்தும் போகும். பி16ஏயில் அது நடந்தால் பிஸ்டன் வால்வுகளை அடித்து வளைத்துவிடும், ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேற்பாகம்) கழற்ற வேண்டும். வரலாறு தெரியாத காருக்கு வாங்கிய கிழமையே பெல்ற் மாற்றுங்கள். பிறகு 1 இலட்சம் கிலோமீற்றர் அல்லது 5 ஆண்டு, எது முந்துகிறதோ அது. பெல்ற்றை இறுக்கும் ரென்சனர், வோட்டர் பம்ப், ஒயில் கசியாமல் தடுக்கும் காம் சீல், கிராங் சீல் எல்லாம் கூடவே மாறவேண்டும். இந்த எஞ்சின் இடஞ்சுழியாகச் சுற்றுவது. மற்றக் கார்களின் பழக்கத்தில் வலப்பக்கம் திருப்பினால் பெல்ற் பல் தாண்டிவிடும். பூட்டியபின் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, புலிகளில் உள்ள ரைமிங் அடையாளங்கள் நேரே வருகின்றனவா என்று பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள்.

ரொயோட்டா 4ஏ-ஜிஈ 16 வால்வு, மஸ்டா பி6 வைத்திருப்போருக்குப் பெல்ற் அறுந்தாலும் வால்வு தப்பும். நடுவீதியில் நிற்பீர்கள், அவ்வளவுதான்.

காருக்குக் கீழே போக அக்ஸல் ஸ்ராண்ட் (உயர்த்திய காரைத் தாங்கும் இரும்புக் கால்) வேண்டும். ஜாக்கும் சீமெந்துக் கல்லும் அதற்கு ஈடல்ல. கல் நொறுங்குமுன் சொல்லிக்கொண்டு நொறுங்காது.

சாவகச்சேரி: கார் ஸ்ரார்ட் வருகுதில்லை. என்ன செய்யலாம்?

எந்தக் கார்? செல்ஃப் சுற்றுகிறதா? பெற்றோல் பம்ப் சத்தம் கேட்கிறதா? பிளக்கில் பொறி வருகிறதா? இவற்றை எழுதி அனுப்புங்கள். அதுவரை பற்றறி முனைகளைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டிப் பாருங்கள்.

மானிப்பாய்: 1990 யூனோஸ் ரோட்ஸ்டர். எந்த ஸ்குரூவைக் கழற்றப் போனாலும் தலை தேய்கிறது.

கார் மீது பிழையில்லை, உங்கள் ஸ்குரூ டிரைவர் மீதுதான். அக்கால ஜப்பான் கார்களின் குறுக்குத்தலை ஸ்குரூக்கள் ஜேஐஎஸ் என்னும் ஜப்பானியத் தர அளவு. சாதாரண பிலிப்ஸ் முனை அதற்குள் முழுதாக இறங்காது. பலம் கொடுத்தால் வழுக்கி மேலேறித் தலையைத் தின்னும். ஸ்குரூத் தலையில் சிறு புள்ளி குத்தியிருந்தால் அது ஜேஐஎஸ்தான். அந்த முனையுள்ள டிரைவர் ஒன்று வாங்குங்கள். ஏற்கனவே தேய்ந்தவற்றுக்குத் துரு இளக்கும் ஒயில் அடித்து ஓர் இரவு விட்டு, இம்பாக்ட் டிரைவரைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுங்கள்.

கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம்: ரொயோட்டா லெவின் ஏஈ92, 4ஏ-ஜிஈ எஞ்சின். ஸ்ரான்லி வீதி நெரிசலில் ஊசி ஏறுகிறது. மெக்கானிக் தேமோஸ்ரற்றை (சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டார். விடுவது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், நல்ல தண்ணீர்.

தேத்தண்ணிக்கு நல்ல தண்ணீர். எஞ்சினுக்கு அல்ல. யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் தோண்டியவை. கேத்திலின் அடியில் படியும் வெள்ளை உங்கள் ரேடியேற்றர் குழாய்களிலும் ஹெட்டின் நீர்வழிகளிலும் படிகிறது. கரையோரக் கிணறு என்றால் உப்பும் சேர்ந்து அலுமினிய ஹெட்டை அரிக்கும். ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையிலுள்ள கஸ்கற்றின் ஓரத்தில் குழி விழுந்தபின் கூலன்ற் (எஞ்சினைக் குளிர்விக்கும், துருக்காக்கும் திரவம்) மாற்றி என்ன பயன்?

அடுத்தது, இந்தத் தேமோஸ்ரற் கழற்றும் வியாதி. "சூடான நாட்டுக்கு அது தேவையில்லை" என்று கராச்சுக்குக் கராச் சொல்கிறார்கள். 4ஏ-ஜிஈயில் தேமோஸ்ரற் பம்புக்குள் தண்ணீர் வரும் பக்கத்தில் இருக்கிறது. திறக்கும்போது அதுவே ரேடியேற்றரைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றினால் அந்த வழி எந்நேரமும் திறந்து கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். நெரிசலில் கொதிப்பதும், இரவில் நீண்ட ஓட்டத்தில் சூடே ஏறாமல் பெற்றோல் குடிப்பதும் அதனால்தான்.

82 பாகையில் திறக்கும் புதிய தேமோஸ்ரற் போடுங்கள். அதிலுள்ள சிறு ஆடும் ஊசி மேலே பார்க்க வேண்டும். கழுவுவது எஞ்சின் ஆறியபின்தான். ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, ரேடியேற்றர், புளொக் இரண்டின் அடைப்புகளையும் திறந்து வடியுங்கள். வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு இருந்தால் லீற்றருக்கு 20 கிராம் அளவில் சித்திரிக் அமிலம் கரைத்து நிரப்பி, சூடேறியபின் 15 நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டு வடியுங்கள். பாத்ரூம் கழுவும் அசிட் வேண்டவே வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். தெளிவாக வரும்வரை அலசுங்கள், கடைசி இரு தரம் டிஸ்ரில்ட் வோட்டரால். கொள்ளளவு சுமார் 6 லீற்றர்: செறிந்த கூலன்ற் 2, டிஸ்ரில்ட் வோட்டர் 4. உறைபனி எங்களுக்கு இல்லை, துருக்காப்புத்தான் வேண்டும்; அதற்கு இது போதும். முன்பக்கத்தை உயர்த்தி, மூடி திறந்தபடி ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள்.

நெரிசலில் மட்டும் ஏறினால் ஃபானையும் பாருங்கள். சாவியை ஒன் செய்து வெப்பச் சுவிச்சின் வயரைக் கழற்றினால் ஃபான் ஓடவேண்டும். ஓடவில்லையா, பியூஸ், றிலே, மோட்டர் என்று வரிசையாகத் தேடுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் காரின் வெளிப்பக்கத்துக்கு.

பருத்தித்துறை: ஐட்லிங் ஏறி இறங்குகிறது. டாஷ்போர்ட் பக்கம் மீன் வாடை வேறு.

கடலைக் குற்றம் சொல்லாதீர்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டிக்குள் மின்தேக்கிகள் கசிகின்றன. 80களின் இறுதி, 90களின் தொடக்கக் கார்களில் இது வழக்கமான வியாதி. பற்றறி மைனஸைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்து, அதே மைக்ரோஃபரட், அதே அல்லது கூடிய வோல்ற், 105 பாகை வரை தாங்கும் வகை மின்தேக்கிகள் போடுங்கள். பொசிற்றிவ் பக்கம் மாறக்கூடாது. கசிந்த திரவம் சுற்றுப் பலகையின் செப்புக் கோடுகளைத் தின்றுவிடுமுன் செய்யவேண்டிய வேலை.

ரொறன்ரோ: வேலணை வீட்டில் ரொயோட்டா செலிக்கா 4 ஆண்டு நின்றுவிட்டது. வரும்போது எப்படி ஸ்ரார்ட் செய்வது?

சாவியைப் போட்டு முறுக்கக்கூடாது. பழைய பெற்றோலை வடித்து ஃபில்ற்றர் மாற்றுங்கள். பிளக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சுற்றினால் ஒயில் மாற்றி, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து ஒயில் விளக்கு அணைந்தபின் பிளக் பூட்டுங்கள். ரயர்ப் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ரயரின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் 10 ஆண்டு தாண்டியதில் ஓடாதீர்கள். உப்புக்காற்றுப் பக்கம் என்பதால் பிரேக் குழாய்களைக் கீழே இறங்கிப் பாருங்கள். அக்ஸல் ஸ்ராண்ட், மறக்கவேண்டாம்.

உரும்பிராய்: 92 ஒக்டேன் போதுமா?

பி16ஏ, 20 வால்வு 4ஏ-ஜிஈ, ரேர்போ எதற்கும் போதாது. 95 ஊற்றுங்கள், பிளக் பொறி அடிக்கும் ரைமிங்கை முன்தள்ளவும் வேண்டாம்.

சுழிபுரம்: டொட் 5 பிரேக் ஒயில் போத்தல் வாங்கிவிட்டேன். நல்லதுதானே?

அது சிலிக்கோன். உங்கள் டொட் 3, டொட் 4 ஒயிலோடு கலக்காது. 5.1 வேறு, 5 வேறு. போத்தலைக் கடையில் திருப்பிக்கொடுத்து டொட் 4 வாங்குங்கள்.