தொழில்துறை வடிவமைப்பு என்றால் பொருளுக்கு அழகான வெளித்தோற்றம் கொடுப்பதுதானே? அதன் வரலாற்றைப் படித்து என்ன ஆகப்போகிறது?

"அழகான வெளித்தோற்றம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைப் பதில் எழுத வைத்தது. 12 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். சொந்தக்காரர்களுக்கு இது இன்னும் "பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை"தான். நீங்கள் மாணவராக இருப்பீர்கள், பாடத்தில் சலித்துப்போய்க் கேட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். 1907-ல் ஏஇஜி என்ற ஜெர்மன் மின்பொருள் நிறுவனத்தில் வடிவமைப்பாளர் பீட்டர் பெஹ்ரன்ஸ், 1919-ல் பௌஹவுஸ் என்ற ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளி என்று தேர்வில் எழுதினேன், மறந்தேன்.

முதல் வேலையில் ஒரு பிளாஸ்க்குக்கு மூடி செய்தேன். தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு கசியாது. கையளவுகளை ஓர் அட்டவணையிலிருந்து எடுத்தோம். ஹென்றி டிரைஃபஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1955-ல் தன் புத்தகத்தில் ஜோ, ஜோசஃபின் என்று ஒரு சராசரி ஆணையும் பெண்ணையும் அளவு குறித்து வரைந்தார். அந்த வழியில் வந்த அட்டவணைதான். அதில் விரலின் நீளம் இருந்தது, விரல் வலி இல்லை. திறந்து பார்த்துச் சோதித்தவர்கள் எல்லோரும் முப்பதுக்கு உட்பட்ட அலுவலக ஆட்கள்.

ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போனேன். கொஞ்ச நாளில் கவனித்தேன், அம்மா மூடியைத் திருகுவதே இல்லை, சும்மா மேலே வைத்திருந்தார். மூட்டுவலிக்காரர். ஏன் என்று கேட்டதற்கு, "மூடி நல்லாத்தான் இருக்கு, என் விரல்தான் சரியில்லை" என்றார். நான் செய்த தப்புக்கு அவர் தன் விரலைக் குறை சொன்னது இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்புறம்தான் அந்தப் பழைய பாடத்தைத் திரும்பப் படித்தேன். 1926-ல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த பிராங்க்பர்ட் சமையலறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். பெண்களின் நேரமும் நடையும் மிச்சமாக வேண்டும் என்று ஒவ்வோர் அசைவையும் கணக்கிட்டுச் செய்தது. சுமார் 10,000 வீடுகளில் அமைத்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த இடத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். உதவிக்கு இன்னொருவர் நுழைய இடமில்லை, வேலை முழுக்க ஒரே பெண்ணின் தலையில் விழுந்தது. அதை வடிவமைக்கும் வரை தான் சமைத்ததே இல்லை என்று அவரே பின்னாளில் சொன்னார். அவரை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நாஜிகளை எதிர்த்துச் சிறைக்குப் போனவர், எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

1990-ல் சாம் ஃபார்பர் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் ஆக்ஸோ என்ற பெயரில் கொண்டுவந்த காய்கறித் தோல்சீவியின் கதை இதற்கு நேர் எதிர். மூட்டுவலியோடு அவர் மனைவி சிரமப்பட்டதைப் பார்த்துத் தடித்த ரப்பர் கைப்பிடி வைத்தார். வலியே இல்லாதவர்களும் அதைத்தான் வாங்கினார்கள். அதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

நீங்கள் சொல்லும் வெளித்தோற்ற வேலையும் உண்டு, மறுக்கவில்லை. 1927-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனம் ஹார்லி ஏர்ல் என்ற வடிவமைப்பாளரை வைத்துக் காரின் தோற்றத்துக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. வருடாவருடம் காரின் தோற்றம் மாறினால் பழைய கார் வைத்திருப்பவருக்குத் தன் கார் பழசாகத் தெரியும், அவ்வளவுதான் சூத்திரம். அதுவும் சமூகத்தை மாற்றிய டிசைன்தான், நமக்குப் பிடிக்காவிட்டாலும்.

சரி, அம்மா சொன்னதை அலுவலகக் கூட்டத்தில் சொன்னேன். "சோதனையில் தேறிய மூடிதானே?" என்று முடித்துவிட்டார்கள். பிறகு வேறொரு இடத்தில் நேர்காணலுக்குப் போனபோது, "பயிற்சிக்காக" ஒரு மூடி வரையச் சொன்னார்கள். நெம்பித் திறக்கிற மாதிரி அகலமான பிடியோடு பத்து நாள் உட்கார்ந்து வரைந்து கொடுத்தேன். கூலியும் கிடையாது, வேலையும் கிடையாது, ஒரு வரி பதில்கூட வரவில்லை. இந்தத் துறையில் இது ஒரு சாபக்கேடு. வழக்கறிஞரிடம் போய் "முதலில் ஒரு வழக்கை இலவசமாக வாதாடிக் காட்டுங்கள்" என்று யாராவது கேட்பார்களா? உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் இந்தப் பக்கம் வருவதாக இருந்தால், வரைந்து கொடுப்பதற்கு முன்பே கூலியைப் பேசிவிடுங்கள்.